கை தானாகக் கொடுத்த பந்து

இந்தத் தாள்கள் யார் கையில் கிடைத்தாலும், தயவுசெய்து வேறு யாரிடமும் காட்ட வேண்டாம். பெரியத்தாவிடம் வேண்டவே வேண்டாம். அம்மாவிடமும் வேண்டாம். அம்மா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனாலும் ராத்திரியில் ஒளிந்து உட்கார்ந்து நான் எழுதினேன் என்று தெரிந்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். இது என் அத்தாவுக்கு எழுதுவது. அத்தா மவுத்தாகிவிட்டார். போன ஐப்பசி மழையில் அடக்கம் செய்தார்கள். இது அவருக்குப் போய்ச் சேராது என்று எனக்குத் தெரியும். அதனால் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள்.

அத்தா,

சிம்னி விளக்கின் திரியை மிகவும் இறக்கி வைத்திருக்கிறேன். பின்னறையில், உங்கள் சுண்ணாம்பு மூட்டைக்கும் கிழிந்த டென்னிஸ் வலைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன். கூடத்தில் அறந்தாங்கியிலிருந்து வந்த பெரியத்தா வீட்டார் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நாளை மதியம் ளுஹர் தொழுகை முடிந்ததும் எனக்கு நிக்காஹ்.

இன்று மதியம் பெரியம்மா இந்த அறையை ஒழித்தார். பலகாரக் கூடைகள் வைக்க இடம் வேண்டுமாம். சுவரில் மாட்டியிருந்த உங்கள் மட்டையை இறக்கி, "என்னது இது, இம்புட்டுக் கனமா இருக்கு?" என்று உறையின் பொத்தான்களைக் கழற்றினார். அவ்வளவுதான், அத்தா. அந்த வாசனை வந்துவிட்டது. ஆட்டு நரம்புக்கு நீங்கள் பூசும் வார்னிஷ், பிடியில் சுற்றிய தோலில் ஊறிய வேர்வை, அதோடு கொஞ்சம் மீன் குழம்பு. மழைக்காலத்தில் நரம்பு தளர்ந்துவிடக்கூடாது என்று அடுப்புக்கு மேலே மட்டையை மாட்டி வைப்பீர்கள். கிளப்பில் ஆட வரும் முன்சீப் ஐயா ஒருநாள் அதை முகர்ந்துவிட்டு, "என்னய்யா, மட்டையால் மீன் பிடித்தாயா?" என்று கேட்டதாகச் சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். இன்று அந்த வாசனை வந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வெங்காயம் உரிக்கிற மாதிரி வெகுநேரம் அங்கேயே இருந்தார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நீங்கள் போனதிலிருந்து நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து வெளியே வந்து சில நாள்தான் ஆகிறது. கிளப்பில் மெம்பர்களுக்குப் பந்து போட்டுக் கொடுக்க உங்கள் இடத்தில் புது மார்க்கர் வந்துவிட்டார். இந்த வீடு மார்க்கருக்கு உரியது, இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பெரியத்தா நம்மைக் கைவிடவில்லை. அரிசி அவர்தான் அனுப்புகிறார். அறந்தாங்கியில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அம்மாவுக்கு ஓர் அறை பார்த்திருக்கிறார். உங்களுடைய அண்ணன் அல்லவா, உங்களைப் போலவே இருமுகிறார். அவருடைய கடைக் கூட்டாளியின் மகனுக்குத்தான் என்னைப் பேசியிருக்கிறார்கள். பினாங்கில் கடை இருக்கிறதாம். நல்ல பையன் என்கிறார்கள். இருக்கலாம். நான் அவர் மேல் எந்தக் குறையும் சொல்லவில்லை. எனக்கு எஸ்.எஸ்.எல்.சி.க்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அவ்வளவுதான். "எஸ்.எஸ்.எல்.சி. முடிக்காம எவனும் ஒன்னைக் கேட்டு இந்தப் படி ஏற முடியாது" என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஏறிவிட்டார்கள், அத்தா.

மாலையில் கோர்ட்டிலிருந்து பந்துச் சத்தம் கேட்டது. புது மார்க்கர் யாருக்கோ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். சத்தத்தை வைத்தே எனக்குச் சொல்லத் தெரியும். மெம்பர் அடித்தால் சத்தம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். மார்க்கர் அடித்தால் ஒரே மாதிரி வரும். உங்களுடையதும் அப்படித்தான் வரும்.

பள்ளிக்கூடத்தில், "ஒங்க அத்தாவுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் நான் டென்னிஸ் ஆட்டக்காரர் என்றுதான் சொல்வேன். ஒருத்தி மட்டும் விடமாட்டாள். அவள் அப்பா கிளப்பில் மெம்பர். "எங்கப்பா தெனமும் ஒங்க அத்தாவை ஜெயிக்கிறாரு. தோக்குற ஆளுக்கு யாருடி சம்பளம் குடுப்பா?" என்பாள். நான் அழுதுகொண்டு வந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் கோர்ட்டில் கோடு போடச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிராமலே, "அந்தப் புள்ள சரியாத்தான் சொல்லுது. அதுக்குத்தாம்மா சம்பளமே" என்றீர்கள்.

பிறகுதான் எனக்கு அது விளங்கியது. விடியும் முன்னே கோர்ட்டுக்குத் தண்ணீர் தெளித்து உருளையை இழுப்பீர்கள். வெயில் ஏறுவதற்குள் கோடு போடுவீர்கள். உங்கள் கால்சட்டையின் ஓரம் எந்நாளும் செம்மண் நிறம்தான். சாயங்காலம் மெம்பர்கள் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் பந்து எங்கே வேண்டும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். முன்சீப்புக்கு முழங்கால் வலி, அதனால் வலது கைப் பக்கம், இடுப்பு உயரத்துக்கு. டாக்டருக்கு உயரமாக. இஞ்சினீயருக்கு ஓடிப் பிடித்தது போல ஒரு பெருமை வேண்டும், அதனால் இரண்டடி தள்ளி. கடைசியில் எல்லோரிடமும் கொஞ்சமாகத் தோற்க வேண்டும். அதிகமாகத் தோற்றால் அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அதை வைத்து விளையாடுவீர்கள். "இன்னைக்கு முன்சீப்பை நல்லா ஜெயிக்க வச்சிருக்கேன். நாளைக்குக் கோர்ட்டுல எவனுக்காச்சும் வாய்தா கெடைக்கும்." அம்மா தட்டை வைத்துக்கொண்டே சொல்வார்: "ஊருல உள்ளவங்ககிட்டயெல்லாம் தோத்துட்டு வந்து எங்கிட்ட மட்டும் ஜெயிக்கப் பாக்குறீங்க."

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கொல்லையில் எனக்கும் போடுவீர்கள். அடுப்பு விசிறும் பலகைதான் என் மட்டை. நீங்கள் போட்ட பந்து எதையும் நான் தவறவிட்டதே இல்லை. அது என் கெட்டிக்காரத்தனம் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

போன வருஷம் தையில்தான் அது நடந்தது. மதராசில் மார்க்கர்களுக்கென்றே ஒரு பெரிய பந்தயம் நடக்கிறது, பல ஊர்க் கிளப்புகளிலிருந்தும் வருவார்கள், நீயும் போய் வா என்று கிளப்பில் உங்களை அனுப்பினார்கள். மெம்பர்களோடு இல்லாமல் மார்க்கர்கள் தங்களுக்குள்ளே ஆடும் பந்தயம். அதாவது உண்மையாக ஜெயிக்கலாம். அதை நீங்கள் எங்களிடம் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை. "அங்க ஜெயிச்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றீர்கள். ரெயில் ஏறும்போது கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசி, அது கையில் ஒட்டாமல் இருக்கத் தாளில் சுற்றிக்கொண்டு போனீர்கள். உங்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை, கிளப்பில் கேட்டவர்களிடமும் முப்பத்தெட்டு என்றீர்களாம்.

நீங்கள் திரும்பி வரும் முன்பே செய்தி வந்துவிட்டது. செமிபைனல் வரை போய்த் தோற்றுவிட்டீர்கள். ஆனால் ஊர் அதைத் தோல்வி என்று சொல்லவில்லை. கிளப் செக்ரட்டரி வக்கீல் ஐயாவின் தம்பி மதராசிலேயே இருப்பவர், அவர் அந்த ஆட்டத்தைப் பார்த்தாராம். இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் ஜெயம் என்ற நேரத்தில், எதிராளி வழுக்கி விழுந்துவிட்டானாம். நம் மார்க்கர் நினைத்திருந்தால் பந்தைக் காலி இடத்தில் தட்டி முடித்திருக்கலாமாம். ஆனால் விழுந்தவனை அடிப்பது தர்மம் இல்லை என்று, அவன் எழுந்து அடிக்கும்படி அவன் கைக்கே பந்தைக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு ஆட்டம் கைமாறிவிட்டதாம். "இவரல்லவோ பெருந்தன்மை உள்ள மனிதர்" என்று கிளப்பில் ஒரு டீ பார்ட்டி வைத்தார்கள். பெண்பிள்ளைகள் வரக்கூடாது என்பதால் நான் நம் கொல்லை வேலி ஓரத்தில் நின்று கேட்டேன். வக்கீல் ஐயா வெகுநேரம் பேசினார். உங்களுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. "பாருங்கள், அடக்கத்தை" என்று யாரோ சொன்னார்கள்.

அந்தச் சால்வையோடு நீங்கள் வீட்டுக்குள் வந்த முகத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். மவுத்து வீட்டிலிருந்து வருகிறவரைப் போல வந்தீர்கள். சால்வையைக் கொடியில் போட்டீர்கள். அதன் பிறகு அதைத் தொடவில்லை.

அன்றிலிருந்து நீங்கள் எங்களோடு இருந்துகொண்டே எங்களோடு இல்லை. சோறு பிசையும்போது கை நின்றுவிடும். மணிக்கட்டு மெல்ல ஒரு பக்கம் திரும்பும், பிறகு பழையபடி திரும்பும். அம்மா, "கையைத் தட்டுல வச்சுச் சாப்புடுங்க" என்பார். நீங்கள் திடுக்கிட்டு, வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல உங்கள் கையைப் பார்ப்பீர்கள். முதலில் சில நாள் நரம்பு ஈரம் வாங்கிவிட்டது என்றீர்கள். பிறகு வெயில் கண்ணில் பட்டது என்றீர்கள். பிறகு ஒன்றும் சொல்லாமல் ஆனீர்கள். கடைத்தெருவில் யாராவது, "விழுந்தவனை அடிக்காத மகராசன்" என்று சொல்லிவிட்டால் வழியை மாற்றிக்கொண்டு வருவீர்கள்.

ஒருநாள் கொல்லையில் நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து பக்கத்தில் குந்தி, அடுப்புக்கரியால் தரையில் ஒரு கோர்ட்டு வரைந்தீர்கள். நான் கேட்காமலே பேசத் தொடங்கினீர்கள்.

"அவன் வழுக்கி விழுந்துட்டாம்மா. அங்கிட்டு, கோட்டுக்கு வெளிய கெடக்குறான். இங்கிட்டு முழுசும் காலி. பந்து வலைக்கு மேல மெதுவா ஏறி நிக்குது. சின்னப் புள்ளகூட தட்டிரும்."

"அப்புறம்?"

"அவன் கையில குடுத்துட்டேன்."

"விழுந்துட்டாருன்னு பாவம் பாத்தீங்களா, அத்தா?"

"பாவம் பாத்திருந்தா எனக்குத் தூக்கம் வருமே. நான் அவனப் பாக்கவே இல்லம்மா. ஜெயிக்கத்தான் அடிச்சேன். கை தானாக் குடுத்துருச்சு. வலது கைப் பக்கமா, இடுப்பு ஒசரத்துக்கு, முன்சீப்புக்குக் குடுக்குற மாதிரியே."

ஆட்டம் முடிந்து வலைக்கு அருகே கை கொடுக்கும்போது அந்த ஆள் உங்கள் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததையும் அன்றுதான் சொன்னீர்கள். அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்து மார்க்கர், உங்களைவிட வெகு இளையவர். பார்த்தவர்கள் எல்லோரும் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் உங்கள் காதருகே வந்து, "பழக்கம்ணே" என்றாராம். "அவனும் மார்க்கருதானே. அவனுக்குத் தெரிஞ்சிருச்சு" என்றீர்கள்.

பிறகு கரிக்கோட்டைக் கையால் அழித்தீர்கள். "கெட்ட பேருன்னா கழுவிக்கலாம். இந்த நல்ல பேர வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்யுறது?"

அன்று நீங்கள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அதற்குப் பிறகுதான் கொல்லையில் அந்த வேலை தொடங்கியது. நீங்கள் சுண்ணாம்பால் சின்னதாகக் கோடு போட்டீர்கள். ஒரு மூலையில் தேங்காய்த் தொட்டியை, கொட்டாங்கச்சியைத்தான், கவிழ்த்து வைத்து, அதன் மேல் பந்தை அடித்தீர்கள். எத்தனை முறை அடித்தாலும் தொட்டி மேல்தான் பட்டது. அப்போது உங்கள் முகம் தெளிந்தது. "இங்க நில்லு" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். "நான் தொட்டியப் பாத்துத்தான் அடிப்பேன். நீ சும்மா நின்னாப் போதும்."

நான் நின்றேன். பந்து என் கைக்கு வந்தது.

மறுபடி அடித்தீர்கள். மறுபடியும் என் கைக்கு வந்தது. நான் இடம் மாறி நின்றால் அங்கே வந்தது. நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாலும், என் வலது கைப் பக்கம், இடுப்பு உயரத்துக்கு, பூவைப் போட்ட மாதிரி வந்தது. பிடிக்காமல் இருக்க நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பந்து என் பாவாடையில் பட்டு மெதுவாகக் கீழே விழுந்தது. "ஆளு நின்னா கை பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றீர்கள்.

அம்மாவுக்குக் கோபம். "வயசுக்கு வந்த புள்ளையக் கொல்லையில நிறுத்தி வச்சுப் பந்தாட்டமா? வேலிக்கு அங்கிட்டு ஆளு போறது தெரியலையா?"

"பந்தாட்டம் இல்ல. வைத்தியம்" என்றீர்கள்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். அவ வெறும் மருந்து."

அம்மா சிரித்துவிட்டார். பிறகு வேலி மேல் ஒரு பழைய கித்தான் திரையைக் கொண்டுவந்து அவரே கட்டினார். கோடை முழுவதும் சாயங்காலம், அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் நடுவில், மெம்பர்கள் வராத நாள்களில், அந்த வைத்தியம் நடந்தது. நான் உங்களுக்கு எதிரே நின்றுகொண்டே இருந்தேன். சில நாள் நீங்கள் மட்டையைத் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுவீர்கள். அப்போதெல்லாம் நான் அல்லாஹ்விடம் கேட்பேன், நாளைக்கு ஒரே ஒரு பந்து என்னைத் தாண்டிப் போகட்டும் என்று. எந்தப் பிள்ளையும் தன் அத்தாவிடம் தோற்க அப்படிக் கேட்டிருக்காது.

ஆடிக் காற்றடித்த ஒரு நாளில் அது நடந்தது. கிணற்றடிப் பக்கம் துவைக்கிற கல் இருக்கிறதே, அதற்கு அருகே தொட்டி. நான் இந்தப் பக்கம் நின்றேன். நீங்கள் அடித்தீர்கள். சத்தமே வேறு மாதிரி இருந்தது. நான் கையை நீட்டினேன். பந்து என் விரலைக்கூடத் தொடவில்லை. கல்லில் மோதி வேலிக்குள் போய் விழுந்தது.

நீங்கள் அசையாமல் நின்றீர்கள். "போயிருச்சா?"

"போயிருச்சு, அத்தா."

"ஒனக்குத் தொட முடியலயா? நெசமா?"

"முடியல. நெசமாத்தான்."

"விட்டுக் குடுத்துட்டுச் சொல்லாத புள்ள."

"சத்தியமா முடியல."

நீங்கள் வந்து துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் தோள் குலுங்கியது. அம்மா ஓடிவந்து, "என்னங்க, நெஞ்சு வலியா?" என்று கேட்டார். நீங்கள் இல்லை என்று தலையசைத்தீர்கள். அம்மாவுக்கு நான்தான் சொன்னேன், அத்தா இப்போது என்னை ஜெயித்துவிட்டார் என்று. அம்மா உங்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இதுக்கா அழுவாங்க?" என்று சொல்லி, தன் முந்தானையாலேயே உங்கள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

அன்று சொன்னீர்கள், அடுத்த தையில் மறுபடி மதராசுக்குப் போவேன் என்று. ஜெயிப்பதற்காக இல்லையாம். அந்த மாதிரி ஒரு பந்து மறுபடி வந்தால் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமாம். "தோத்தாலும் பரவால்ல. நான் அடிச்சுத் தோக்கணும்."

ஐப்பசியில் காய்ச்சல் வந்தது. தூறலில் நனைந்துகொண்டு உருளை இழுத்ததால் என்று அம்மா சொல்கிறார். விஷக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார், உயரமாகப் பந்து கேட்பாரே, அவரேதான் வந்து பார்த்தார். நினைவு தப்பிய பிறகும் உங்கள் மணிக்கட்டு பாயின் மேல் திரும்பிக்கொண்டே இருந்தது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்தேன். காலி இடத்தின் பக்கம் திரும்புகிறதா, ஆள் நிற்கும் பக்கம் திரும்புகிறதா என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை, அத்தா. சில நேரம் அப்படி, சில நேரம் இப்படி. கடைசியில் நின்றுவிட்டது. உங்களைக் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றிக் கொண்டுபோனபோது மெம்பர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். வக்கீல் ஐயா பெரியத்தாவின் தோளைத் தொட்டு, விழுந்தவனை அடிக்காத மனிதர் என்று மறுபடியும் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அது பொய் என்று கத்த வேண்டும் போல இருந்தது.

இன்று பெரியம்மாவும் மற்றவர்களும் என்னை உட்காரவைத்து நாளைக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெரியத்தா இரண்டு சாட்சிகளோடு திரைக்கு வெளியே வந்து நிற்பார். இன்னாருக்கு உன்னை நிக்காஹ் செய்துவைக்கிறேன், சம்மதமா என்று கேட்பார்.

"நீ வாயே தொறக்க வேணாம்" என்றார் பெரியம்மா. "சும்மா இருந்தா சம்மதம்."

"அழுக வந்துருச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அழுதாலும் சம்மதந்தான்."

பக்கத்தில் இருந்த ஒருத்தி, "சிரிச்சாலும் சம்மதந்தாண்டி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"சம்மதம் இல்லன்னா என்ன செய்யணும்?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. பெரியம்மா என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே, "வாயத் தொறந்து சொல்லணும். சொல்லிட்டா நிக்காஹ் இல்ல, மார்க்கத்துல அப்படித்தான் இருக்கு. ஆனா நம்ம வீட்டுல இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல, தங்கம்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு பூ கட்டிக்கொண்டிருந்தார். கிளப்பில் கொடுத்த அந்தச் சால்வையைத்தான் நாளைக்கு நான் உட்காரும் பாயின் மேல் விரிக்கப் போகிறார்களாம். இவ்வளவு நல்ல சால்வை வீட்டில் வேறு இல்லை என்று அம்மாதான் எடுத்துக் கொடுத்தார்.

எனக்குப் பெரியத்தாவிடம் பயம் இல்லை, அத்தா. அவர் அடிக்க மாட்டார். சொல்லிவிட்டால் அம்மாவுக்கு அறை கிடைக்குமா, அரிசி வருமா என்ற பயம் இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பிறந்ததிலிருந்து யார் என்ன கேட்டாலும் அவர்களுக்கு வேண்டியதை வேண்டிய உயரத்தில் கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். தண்ணீர் என்றால் தண்ணீர். பேசாதே என்றால் பேசாமல் இருப்பது. நாளைக்கு அவர் கேட்கும்போது நான் சொல்ல நினைப்பேன், வாய் தானாக மூடிக்கொள்ளும். எல்லோரும், பாருங்கள் என்ன அடக்கமான பிள்ளை, அத்தாவைப் போலவே என்று சொல்வார்கள். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

நீங்கள் இருந்திருந்தால் திரைக்கு வெளியே வந்து நின்று கேட்பவர் நீங்களாக இருந்திருப்பீர்கள். நான் பேசாமல் இருந்தால், "விட்டுக் குடுத்துட்டுச் சொல்லாத புள்ள" என்று இன்னொரு முறை கேட்டிருப்பீர்கள். வேறு யாரும் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.

அன்று என்னைத் தாண்டிப் போன பந்தை வேலிக்குள் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். உங்களுக்கு அது தெரியாது. கிளப் பந்து, எண்ணிக்கையில் குறைந்ததும் நீங்கள் தேடியிருப்பீர்கள். ரோமம் எல்லாம் உதிர்ந்து மொட்டையாக இருக்கிறது. கல்லில் பட்ட இடத்தில் சின்னதாக ஒரு கீறல். இப்போதும் இடது கையில் அதை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாளைக்கும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொள்வேன். மட்டையைப் பெரியத்தா யாருக்காவது கொடுத்துவிடட்டும். எனக்கு இது போதும். உங்கள் கை அத்தனை வருஷப் பழக்கத்தையும் மீறி ஒரே ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேட்டது, அதற்கு எதிரே நின்ற ஆள் நான். ஊரில் வேறு யாருக்கும் அது தெரியாது.

எழுத உட்காரும் முன் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். மூட்டையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, மெதுவாக, பிறகு கொஞ்சம் சத்தமாக. எனக்குச் சம்மதம் இல்லை. தடுமாறாமல் வருகிறது. ஒவ்வொரு முறையும் வருகிறது. ஆனால் இது தேங்காய்த் தொட்டிதான், அத்தா. எதிரே ஆள் நிற்கவில்லை. ஆள் வந்து நின்றால்

கதவைத் தட்டுகிறார்கள். இருமல் சத்தம் கேட்கிறது. ஒரு நொடி நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன். பெரியத்தா. "யாரும்மா உள்ள? இந்நேரத்துல வெளக்கு எரியுது?" என்கிறார். மறுபடியும் தட்டுகிறார். பந்து கையில்தான் இருக்கிறது. திறக்கப் போகிறேன், அத்தா, இப்போதே அவரிடம்